'முடியாது' என்று சொல்லப் பழகுவோம்

2014இல் சத்ய நாதெல்லா மைக்ரோசாஃப்டின் தலைமைக்கு வந்தார். 2015இல் சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைக்கு வந்தார். நம்மவர்களின் பலம் ஊரறிந்தது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒன்று, பள்ளியில் இன்னொன்று என்று வளர்வதால், பல நாட்டவரோடு ஒத்துப்போவது நமக்குக் கைவந்த கலை. இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் தெரியும்.

பலவீனம் நாக்கில் இருக்கிறது. மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. 'பார்க்கலாம் சார்' என்போம். நம்மூரில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அதையே ஆங்கிலத்தில் சொன்னால், பாரிஸில் இருப்பவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். கெடு நாளில் வேலை முடிந்திருக்காது. திறமை இருந்தும் நம் பேச்சில் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் 'நோன்' என்பது விவாதத்தின் தொடக்கம், அவமரியாதை அல்ல. பிறகு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது பார்த்தேன்: கோப்பில் ஆட்சேபணையைத் துணிந்து எழுதுபவர்கூட, நேரில் தலையாட்டிவிட்டு வருவார்.

வெளிநாட்டு நிறுவனங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். 'வெள்ளிக்கிழமைக்கு முடியாது, புதன்கிழமை தருகிறேன்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரியாதை குறையாது, கூடும்.