படுக்கையை எண்ணாதே, பெல்ட்டை எண்ணு!

கேம்பர் வேன் விக்கிறவங்க விளம்பரத்துல முதல் வரி எப்பவும் ஒண்ணுதான்: "4 பேர் படுக்கலாம்". இன்னும் கொஞ்சம் தாராள மனசு இருந்தா "5 பேர் படுக்கலாம்". வளர்ற குடும்பத்தை ஏமாத்த இதைவிட வசதியான வரி கிடையாது. இந்தப் பதிவோட மொத்த மேட்டரும் அதான்.

முதல்ல ஒரு விளக்கம். நம்மூர்ல கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ற வண்டி. நான் சொல்றது அது இல்ல. ஐரோப்பாவுல கூரியர் சாமான் ஏத்திட்டுப் போற சாதாரண சரக்கு வேனை (ஃபியட் டுகாட்டோ, ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் மாதிரி) வாங்கி, உள்ள படுக்கை, அடுப்பு, அலமாரி, தண்ணி டேங்க் எல்லாம் வெச்சு, லீவுக்கு குடும்பத்தோட கிளம்பற வண்டியா மாத்துவாங்க. உள்ள எது எங்க இருக்கணும்ங்கற திட்டத்துக்குப் பேர்தான் லேஅவுட்.

இதுல எனக்கென்ன வேலைன்னு கேக்கறீங்களா? இங்கிலாந்துல இருக்கற எங்க பெரியப்பா பொண்ணு, அக்கா, மூணு பிளானை மெயில்ல அனுப்பி "நீ காமர்ஸ் தானேடா, எது லாபம்னு சொல்லு"ன்னு கேட்டாங்க. மூத்தவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு 10 மாசம். மூணாவதைப் பத்திக் கேட்டா அத்தான் சிரிக்கறார், பதில் சொல்லல. ஆக இது நிஜமாவே "வளர்ற" குடும்பம் :)

அந்த மூணு பிளானும் உலகத்துல எல்லாரும் வெச்சுக்கற மூணு வகைதான்.

ஒண்ணு: டுகாட்டோவோட 6 மீட்டர் நீள வேன். பின்னாடி குறுக்குவாட்டுல நிரந்தரக் கட்டில், கட்டிலுக்கு அடியில சாமான் இடம். முன்னாடி ஒரு மேஜை, ரெண்டு பேர் உட்கார்ற பெஞ்ச்.

ரெண்டு: அதே வேன். பின்னாடி பசங்களுக்கு மேலும் கீழுமா ரெண்டு அடுக்குக் கட்டில். பெரியவங்களுக்கு மேஜையை இறக்கி மெத்தை போட்டு தினமும் ராத்திரி படுக்கை கட்டணும்.

மூணு: கொஞ்சம் சின்ன வேன். தரையில தண்டவாளம் மாதிரி ரயில், அதுல நகர்த்தற, கழட்டற சீட்டு. கூரையைத் தூக்கினா மேல ஒரு படுக்கை. அடுப்பும் அலமாரியும் தூக்கி வெளிய வைக்கற பெட்டிகள்.

அக்காவுக்கு ரெண்டாவது மேல ஆசை. அடுக்குக் கட்டில் ஃபோட்டோவுல அவ்வளவு அழகு. சின்ன திரை, சின்ன லைட்டு, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற குழந்தை. அத்தானுக்கு முதல் பிளான். "படுக்கையைத் தினமும் யார் போட்டு எடுக்கறது?" என் ஓட்டு மூணாவதுக்கு. காரணம் சொல்றேன்.

வண்டின்னா முதல்ல போகணும். படுக்கறது ராத்திரி. போகும்போது எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்கார முடியுமோ அதான் அந்த வண்டியோட உண்மையான கொள்ளளவு. படுக்க இடம் பத்தலைன்னா வெளிய ஒரு டென்ட் அடிச்சுக்கலாம். சீட்டு பத்தலைன்னா வெளிய என்ன பண்ணுவீங்க? மூணாவது குழந்தையை பஸ்ல அனுப்புவீங்களா?

அதுவும் குழந்தைங்களுக்கு பெல்ட் மட்டும் போதாது. பிரிட்டன்ல 12 வயசு ஆகற வரைக்கும், இல்ல 135 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரை குழந்தை சீட்டு கட்டாயம். ஜெர்மனியில அந்த உயரம் 150 செ.மீ. இப்ப இருக்கற ஆர்129 விதிப்படி செஞ்ச சீட்டுல குழந்தை 15 மாசம் தாண்டற வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரணும். பக்கவாட்டுல பாக்கற சீட்டுல குழந்தை சீட்டு மாட்டவே கூடாது. சுவரோரம் நீளமா சோபா போட்ட லேஅவுட் எல்லாம் பார்ட்டிக்கு ஓகே, பயணத்துக்கு பூஜ்யம்.

இன்னொரு விஷயம் ஃபோட்டோவுல தெரியாது. குழந்தை சீட்டு பலதுல முன்னாடி ஒரு கால் தரையில ஊணி நிக்கும். அந்தத் தரை கெட்டியா இருக்கணும். கேம்பர் வேன்ல மேஜைக்கு அடியில தரையை உயர்த்தி உள்ள சாமான் பெட்டி வெச்சிருப்பாங்க. அந்த வெத்துப் பெட்டி மேல காலை ஊணக் கூடாது. பின்பக்கம் பார்த்த சீட்டு வெச்சா முன்னாடி இருக்கற மேஜையும் இடிக்கும். ஆக "4 சீட்டு"ன்னு போட்டிருக்கற வண்டியில கைக்குழந்தையோட உண்மையில எத்தனை சீட்டுங்கறது, உங்க குழந்தை சீட்டை எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாத்தாதான் தெரியும்.

உதாரணத்துக்கு எல்லாரும் கனவு காணற வண்டியையே எடுத்துக்கோங்க. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2003-லேர்ந்து தானே தயாரிச்ச கலிஃபோர்னியா. அதுல கிச்சன், அலமாரி எல்லாம் வெச்ச ஓஷன் மாடல், 2024-ல உற்பத்தி முடிஞ்ச டி6.1 தலைமுறையில, 4 பேர் போற வண்டி. அதே தலைமுறையில பீச்னு ஒரு மாடல். பக்கவாட்டுல வரிசையா நிக்கற கிச்சன் அலமாரி அதுல கிடையாது. அதனாலயே 5 பேரும், கூட சீட்டு போட்டா அதுக்கு மேலயும் போகலாம். அதே உடம்பு, அதே நீளம். அலமாரிக்குக் கொடுத்த விலை ஒரு மனுஷன். இதை எந்த விலைப்பட்டியல்லயும் போட மாட்டாங்க.

இப்ப நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். அக்கவுண்ட்ஸ்ல தேய்மானம்னு ஒண்ணு படிக்கறோம். ஒரு சொத்தோட விலையை அதோட பயன்படு காலத்தால வகுத்து வருஷா வருஷம் செலவு எழுதறது. ஒரு பேச்சுக்கு, உள்ள மரவேலைக்கு 9,000 பவுண்டுன்னு வைங்க. மரம் 15 வருஷம் வரும், அதனால வருஷத்துக்கு 600-னு விக்கறவர் கணக்கு போடுவார். தப்பு. பயன்படு காலம்ங்கறது மரத்தோட ஆயுசு இல்ல, அந்த லேஅவுட் உங்க குடும்பத்துக்குப் பொருந்தற காலம். மூணு வருஷத்துல பொருந்தாமப் போச்சுன்னா செலவு வருஷத்துக்கு 3,000.

பொருந்துமான்னு பாருங்க. அடுக்குக் கட்டில்ல மேல் தட்டு 6 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஏத்ததில்லன்னு வீட்டுக் கட்டில்களுக்கான ஐரோப்பியத் தரமே சொல்லுது. மூத்தவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் அது சாமான் தட்டு. சின்னவளுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல. அடுத்தது நீளம். டுகாட்டோவோட உள் அகலம் ரொம்ப அகலமான இடத்துல தகட்டுக்குத் தகடு 187 செ.மீ. குளிர் தாங்கற பஞ்சும் பலகையும் அடிச்சா மிஞ்சறது 180-க்குப் பக்கம். குறுக்குவாட்டுல போடற எந்தக் கட்டிலுக்கும் இதான் எல்லை. அத்தான் உயரம் 182. முதல் பிளான்ல தினமும் ராத்திரி முழங்காலை மடக்கிப் படுக்கப் போறது, அந்தக் கட்டிலைக் கேட்ட அதே மனுஷன்தான். பையனும் அப்பா மாதிரி வளர்ந்தா இன்னும் பத்து வருஷத்துல அவனும் கூட சேர்ந்துக்குவான்.

எடையையும் சொல்லிடறேன். இந்த வேன் பெரும்பாலும் மொத்தம் 3,500 கிலோ வரைக்கும்தான். பிரிட்டன்ல 1997 ஜனவரி 1-லேர்ந்து கார் லைசென்ஸ் எடுத்தவங்க சாதாரணமா ஓட்டக்கூடிய எல்லையும் அதுதான். காலி வேனே 2,000 கிலோவுக்குக் கிட்ட. மரம், பேட்டரி, அடுப்பு, கூரைப் பெட்டி எல்லாம் அதுக்கு மேல. 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. இன்னிக்கு ரெண்டு பசங்களும் சேர்ந்து 25 கிலோ சுமார். மூத்தவனுக்கு 14, சின்னவளுக்கு 11 ஆகும்போது ரெண்டு பேரும் 85 கிலோவைத் தாண்டுவாங்க, சைக்கிளும் பெருசாகும். குழந்தை வளர்ந்தா நமக்கு சந்தோஷம், அச்சுக்கு அது சுமை. ஆணி அடிச்ச அலமாரியை அப்ப இறக்கி வைக்க முடியாது. கழட்டற பெட்டியை வீட்டுல விட்டுட்டுப் போகலாம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு தெரியும். அதையும் பாத்துடுவோம்.

"தினமும் படுக்கை போட்டு எடுக்கறது நரகம்." பாதி உண்மை. தூங்கற குழந்தையை ஒரு கையில வெச்சுக்கிட்டு மெத்தையை அடுக்கறது கொடுமைதான். ஆனா அந்தக் கொடுமை ரெண்டாவது பிளான்லயும் இருக்கு, பெரியவங்க தலையில. மேஜை படுக்கை ஆகணும்னா சாப்பாடு, பேச்சு எல்லாம் முடியணும். நிரந்தரக் கட்டில் தர்ற சுகம் ராத்திரி பத்து நிமிஷ வேலை மிச்சம். அதுக்கு பதிலா மழை பெய்யற பகல் முழுக்க ரெண்டு குழந்தையும் ஓடி விளையாட வேண்டிய இடத்தைக் கட்டில் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இங்கிலாந்துல எத்தனை பகல் மழைன்னு நான் சொல்லணுமா?

"தூக்கற கூரை குளிரும், மழைச் சத்தம் காதைப் பொளக்கும்." உண்மை. பக்கச் சுவர் துணிதான். ஜனவரியில ஸ்காட்லாந்து போறவங்க மூணாவது பிளானை எடுக்காதீங்க. ஆனா ஸ்கூல் லீவுல, அதாவது ஈஸ்டருக்கும் ஆகஸ்டுக்கும் போற குடும்பத்துக்கு இது பெரிய தடை இல்ல. சின்னக் குழந்தைங்க கீழ அம்மாவோட, பெரியவங்கள்ல ஒருத்தர் மேல. பசங்க வளர்ந்ததும் மாத்திக்கலாம். மாத்திக்க முடியுதுங்கறதுதான் இங்க பாயிண்டே.

"கழட்டற சீட்டு கனம், எங்க வைக்கறது?" நியாயமான கேள்வி. ரெண்டு பேர் பெஞ்சைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், வைக்க ஒரு ஷெட் வேணும். அதனால தனித்தனி சீட்டா வாங்குங்க. இன்னொண்ணு, "சீட்டும் படுக்கையும் ஒண்ணே"ன்னு மரச் சட்டத்துல பெல்ட்டைத் திருகி விக்கற ஆளைக் கண்டா ஓடிடுங்க. பெல்ட்டோட பிடி வண்டியோட உடம்புல, சோதனை பண்ணின சட்டத்துல இருக்கணும். சான்றிதழைக் கேளுங்க. முகம் மாறினா வெளிய வந்துடுங்க.

அடுக்குக் கட்டிலுக்கு ஒரு நல்ல காலம் இருக்கு, மறுக்கல. 6 வயசுலேர்ந்து 11, 12 வரை. ரெண்டு குழந்தையும் அந்த வயசுல இருந்து, மூணாவது கண்டிப்பா இல்லன்னா, பசங்க எட்டு மணிக்குத் தூங்கினதும் பெரியவங்க லைட் போட்டு உட்கார்ந்து பேசறதுக்கு அதைவிட நல்லது இல்ல. ஆனா அதுக்காக இன்னிக்கே புதுசா செய்யச் சொல்லாதீங்க. அந்த வயசு வரும்போது பழைய வண்டியா வாங்கி, அஞ்சு வருஷம் ஓட்டி, அதே வயசுப் பசங்க இருக்கற அடுத்த குடும்பத்துக்கு வித்துடுங்க.

கழட்டி மாட்டறது ஏதோ புதுமைன்னும் நினைக்க வேண்டாம். 1950களோட தொடக்கத்துல ஜெர்மனியில வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வாகன் வேனுக்குப் போட்டதே ஒரு கழட்டற பெட்டிதான். வாரம் முழுக்க வேன் பொழப்பைப் பாக்கும், லீவுக்குப் பெட்டியை உள்ள வெச்சா கேம்பர். இந்த விஷயம் ஆரம்பிச்சதே சரியாத்தான் ஆரம்பிச்சது. அப்புறம்தான் வீட்டு ஃபர்னிச்சரை வண்டிக்குள்ள ஆணி அடிக்கற ஆசை வந்துச்சு. அந்த ஆசை ரிட்டயர் ஆன தம்பதிக்குப் பொருந்தும். அவங்க ரெண்டு பேர், பத்து வருஷம் கழிச்சும் ரெண்டு பேர். அவங்களுக்கு வரைஞ்ச பிளான்ல மேல ஒரு தட்டைச் சேர்த்து "ஃபேமிலி"ன்னு பேர் போட்டு விக்கறதைத்தான் நான் திட்டறேன்.

வாங்கறவங்களுக்கு நாலே வேலை, இதே வரிசையில:

1. இன்னிக்கு எத்தனை பேரோ, அதோட ஒண்ணைக் கூட்டி அத்தனை பெல்ட் சீட்டு இருக்கா பாருங்க. குழந்தை சீட்டை மாட்டிப் பாருங்க.

2. வீட்டுத் தரையில வேனோட உள் அளவுக்கு டேப் ஒட்டி, எல்லாரும் படுங்க. பையனுக்கு அப்பா உயரம்னு வெச்சுப் படுங்க.

3. எல்லாச் சாமானும், தண்ணியும், ஆளும் ஏத்தின எடையைக் கூட்டிப் பாருங்க. வாங்கினதும் எடை மேடையில ஏத்திப் பாருங்க.

4. அந்த லேஅவுட்ல ஒரு வண்டியை மழை வாரம் பாத்து வாடகைக்கு எடுங்க. அடுப்பைப் பெட்டியோட வெளிய வெச்சு சமைங்க. உள்ள சாம்பார் கொதிக்க விட்டா மெத்தை ரெண்டு வாரம் மணக்கும். கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுல குழந்தை ஓடற வழியில கொதிக்கற பாத்திரம் இருக்கவே கூடாது.

படுக்கை எத்தனைங்கற கேள்வி இந்த நாலுக்கும் அப்புறம். குடும்பம் வருஷா வருஷம் மாறும், அளவு மாறும், எண்ணிக்கை மாறும். மாறவே மாறாத ஒரு பெட்டிக்குள்ள அதைத் திணிக்கறதுக்கு காசு கொடுக்கறது முதலீடு இல்ல, நஷ்டத்தை முன்கூட்டியே கட்டறது.

நிரந்தரக் கட்டில் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். ஒரே கண்டிஷன்: உங்க வண்டியில எத்தனை பெல்ட்டுன்னு முதல் வரியில எழுதிட்டு ஆரம்பிங்க.