மலையின் மேல் பழி போட வேண்டாம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராத்தியர் கால ராணுவக் கோட்டைகள் என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். எல்லோருக்கும் உரிய இந்தப் பெருமையில் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் பங்கு உண்டா என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

கேட்டால் உடனே வரும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: "மலைக்கோட்டையாச்சே, என்ன செய்ய முடியும்?" பரிவோடு சொல்லப்படுவதாலேயே யாரும் இந்தப் பதிலை மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் செஞ்சியை நேரில் பார்த்தவர்களுக்கு இது பாதி உண்மை என்று தெரியும். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். செங்குத்தான படிகளும், உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவைக் கடக்க ஒரு பாலமும் உண்டு. அங்கே சக்கர நாற்காலி போகாது. ஆனால் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி, வேங்கடரமணர் கோயில் எல்லாம் இருப்பது அடிவாரத்தில். சிவாஜி 1677-இல் கைப்பற்றிய கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையின் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கி நின்ற கோட்டை, தேசிங்கு ராஜாவின் கோட்டை என்று நாம் கதை கதையாகச் சொல்லும் இடத்தின் பெரும்பகுதியைச் சமதரையில் இருந்தே பார்த்துவிடலாம்.

அங்கே மறிப்பது மலையல்ல, வாசற்படி. பழைய கட்டடங்களின் கல் நிலைப்படி அரையடி உயரம் இருந்தாலே போதும், நாற்காலி நின்றுவிடும். கருங்கல் பாவிய தரையில் இரண்டு கற்களுக்கு நடுவே விரலளவு இடைவெளி இருந்தால் முன்பக்கத்துச் சிறு சக்கரம் அதில் இறங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். பின்னாலிருந்து தள்ளுகிறவர் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரத்தை முன்னே விட்டு, பின்னோக்கி இழுத்துத்தான் மீட்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை இப்படி நேர்ந்தால் கோட்டையைப் பார்க்க வந்தவர் தரையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவார். இதைச் சரிசெய்யப் பெரிய பொறியியல் எதுவும் வேண்டாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அரையடி நிலைப்படிக்கு ஆறடிப் பலகை போதும். கல்லில் ஓர் ஆணிகூட அடிக்காமல் போடலாம், எடுக்கலாம்.

வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குப் போய்விட்டன. இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். அந்தச் சாலையில் மாலைநேரத்தில் சக்கர நாற்காலியில் வரும் எவரும் அவற்றின் அருகே போய் நின்று பார்க்கலாம். இடம்பெயர்ந்த தூண்களை எளிதாகப் பார்க்க முடிந்தவருக்கு, அவை பிறந்த கோயிலும் எட்ட வேண்டாமா?

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் அனைவரும் அணுகும்படி மாற்றச் சொன்னது. விதிகள் 2017-இல் வந்தன. கெடு 2022-இல் முடிந்தது. அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதியைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இத்தனை பேரின் உரிமையை, உடன் வந்தவர்களின் கைவலிமையை நம்பி விட்டுவிடுவது நியாயமல்ல.

பழமை கெட்டுவிடும் என்ற அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் 2020-இல் சாய்வு மின்தூக்கி அமைத்தார்கள். அதை ஒட்டிப் போட்ட கான்கிரீட் பாதையைத் தொல்லியல் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்; அவர்கள் எதிர்ப்பில் பொருள் உண்டு. செஞ்சியில் கான்கிரீட் கொட்டச் சொல்லவில்லை. எந்த நாளும் கழற்றி எடுக்கக்கூடிய மரப்பாதை, நுழைவாயிலில் இருந்து கல்யாண மகால் வரை பேட்டரி கார், நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்பும் அளவு அகலமான கழிப்பறை. இவற்றால் எந்தக் கல்வெட்டும் அழியாது.

உச்சி? கோயில் மலைகளில் நாம் வழி கண்டிருக்கிறோம். பழனியில் விஞ்சுக்குப் பிறகு 2004-இல் ரோப் கார் வந்தது. சோளிங்கரில் 2024-இல் வந்தது. பக்தருக்காகக் கிடைத்த பணமும் முனைப்பும் வரலாற்றைப் பார்க்க வருகிறவருக்குக் கிடைக்கவில்லை. அதற்காக ராஜகிரியின் பாறையில் அவசரமாகத் தூண் நடச் சொல்ல மாட்டோம். செய்ய முடியுமா என்று வல்லுநர்கள் ஆராய்ந்து, முடிவைக் காரணத்தோடு மக்கள் முன் வைக்கட்டும். முடியாதென்றால் அதையும் கேட்டுக்கொள்வோம். நாலு பேர் டோலியில் தூக்கிப்போவதை மட்டும் மாற்று வழியாகச் சொல்ல வேண்டாம். சுமையாகப் போய்ச் சேருவதை எவரும் சுற்றுலா என்று நினைப்பதில்லை.

அடிவாரத்துக்கு ஆராய்ச்சி தேவையில்லை. இந்தியத் தொல்லியல் துறையும் தமிழக அரசும் இந்த நிதியாண்டிலேயே பணியைத் தொடங்க வேண்டும். வாசலில் ஒரு சாய்தளம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டால் பணி முடிந்ததாகாது. வண்டி நிறுத்துமிடம், நுழைவுச்சீட்டு வாங்குமிடம், கழிப்பறை, கோயில் வாசல் என்று வழி எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். திட்டம் போடும் நாளிலேயே சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டும். பணி முடிந்ததும் அவர்களில் ஒருவர், யாரும் தூக்கிவிடாமல், அந்தப் பாதை முழுக்கப் போய்த் திரும்பட்டும். ஒப்பந்தக்காரருக்கான பணத்தை அதன் பிறகு கொடுக்கலாம்.