சிசுவின் ஹிருதயத்தில் ஒரு கதவு

ரத்தம் சுத்தியாவதற்குச் சுவாசப்பைகளுக்குச் சென்று திரும்ப வேண்டும் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் தாயின் வயிற்றில் நீரிலே மிதந்துகொண்டிருக்கும் சிசுவுக்கு மூச்சேது? அதன் சுவாசப்பைகளில் நிறைந்திருப்பது காற்றல்ல, திரவம். ஆகவே பிறக்கும் வரையில் அவ்வேலையை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது.

தாயின் ரத்தமே குழந்தையின் உடம்பிலும் ஓடுகிறது என்று பாட்டிமார் மட்டுமல்ல, படித்தவர்களும் எண்ணுவதுண்டு. அப்படியன்று. இரண்டும் தனித்தனி ரத்தம். நடுவிலுள்ள மெல்லிய திரை வழியாகப் பிராணவாயுவும் உணவுச் சத்தும் இப்புறம் வருகின்றன. கழிவு அப்புறம் செல்கிறது.

தொப்புள்கொடி வழியே வந்த நல்ல ரத்தம் ஹிருதயத்தின் வலது மேலறையை அடைகிறது. இயற்கையின் சாமர்த்தியத்தை அங்கேதான் காண்கிறோம். வலது இடது மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் ஒரு துவாரம். அதற்கு ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. நல்ல ரத்தத்தில் கணிசமான பங்கு அதன் வழியே இடப்புறம் புகுந்து, மூளைக்கு முந்திப் போய்ச் சேர்கிறது. எஞ்சியது சுவாசப்பைக்குப் புறப்பட்டாலும், வழியில் ஒரு குறுக்குக் குழாய் அதில் பெரும்பகுதியை மகாநாடிக்குத் திருப்பிவிடுகிறது. ஆங்கில வைத்தியர் ஹார்வி 1628-ல் வெளியிட்ட நூலிலேயே இவ்விரு வழிகளையும் விவரித்திருக்கிறார்.

குழந்தை பிறந்து வீறிட்டு அழுததும் சுவாசப்பைகள் விரிகின்றன. அங்கே பாய்ந்த ரத்தம் இடப்புறம் திரும்பி வந்து அழுத்த, கதவு சாத்திக்கொள்கிறது. (நாலில் ஒருவருக்கு அது முற்றும் ஒட்டிக்கொள்வதில்லை, பெரும்பாலோர் அதை அறியாமலே சௌக்கியமாக வாழ்ந்துவிடுகிறார்கள்.) குறுக்குக் குழாய்க்கு அவ்வளவு அவசரமில்லை, சுருங்கி மூட இரண்டொரு நாள் எடுத்துக்கொள்ளும். மூடாமல் நின்றுவிட்ட குழாயை 1938-ல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் வைத்தியர், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து கட்டி அடைத்தார்.

பிறப்பதற்கு முன்பே அக்குழாய் சுருங்கினாலோ ஆபத்து, ஹிருதயம் தாங்காது. அதைத் திறந்துவைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இபுபுரோபன், டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகள் அப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. தாய் விழுங்கியது அந்த மெல்லிய திரையையும் கடந்துவிடும். கர்ப்பிணிக்கு இடுப்பு வலி என்றதும் பையனைக் கடைக்கு விரட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? முப்பதாவது வாரத்துக்குப் பின் இவை ஆகா என்பது முன்பே தெரிந்தது. சிசுவின் சிறுநீரகத்துக்கும் கெடுதல் உண்டென்று கண்டு, 20-ஆவது வாரத்திலிருந்தே விலக்கும்படி அமெரிக்க மருந்து இலாகா 2020-ல் எச்சரித்தது. வைத்தியர் காரணமறிந்து கொடுக்கும் சிறு அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம். அதை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.