பழவேற்காட்டுக் காதரினா

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், மூத்த உறுப்பினர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தார். “இதைப் படித்துவிட்டு எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்” என்றார். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில் வாழும் ஒரு குடும்பத்தார் அவருக்கு அனுப்பியிருந்த பேரேட்டுப் படி அது. நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி அக்காலத்து அலுவலர் எழுதி வைத்த வரிகளுள் ஒன்று. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், உடலில் உள்ள அடையாளம். அவ்வளவுதான். 1899-ஆம் ஆண்டு சென்னையில் கப்பலேறிய அந்த மனிதர் நம் அன்பருடைய கொள்ளுப்பாட்டனாரின் தம்பி. அவர் வழிவந்தோர் அந்த ஊர்ப்பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு, வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் விசாரித்து, அங்கிருந்து நம் மாநகர் வரையில் வந்து அன்பரைக் கண்டுபிடித்துவிட்டனர்.

இதில் வழி சொல்வதற்கு என்ன இருக்கிறது, மகிழ்ந்து மறுமொழி எழுத வேண்டியதுதானே என்று நாம் கேட்டோம். அன்பர் தயங்கினார். ஊரில் தொண்ணூறு வயதை எட்டும் அத்தை ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் தொலைபேசியில் இச்செய்தியைச் சொன்னவுடன், “கூலிக்குப் போனவர் பேச்சு இப்போது எதற்கப்பா? நம் வீட்டில் யாரும் அப்படிப் போகவில்லை என்று எழுதிவிடு” என்று அவர் சொல்லிவிட்டாராம்.

நேட்டாலைப் பற்றி நேயர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911-இல் அவ்வேற்பாடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் சென்றனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு இன்றும் ஒருவரைத் தேடிக் காண இயலும். தொல்லை கொடுப்பதற்கென்றே எழுதப்பட்ட ஏடு இன்று உறவைச் சேர்த்து வைக்கிறது.

ஆயினும் அன்பருக்கு விடை சொல்ல நாம் எடுத்துக்கொண்டது, அவருடைய பாட்டனாரைக் காட்டிலும் இருநூற்று நாற்பது ஆண்டுகள் முந்திய ஒருத்தியின் கதையை. அவளுக்கு எண்ணும் இல்லை. தந்தை பெயரும் இல்லை. இருந்தது ஊர்ப்பெயர் ஒன்றே.

சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கூடும் இடத்தில் உள்ள பழவேற்காட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். 1613-ஆம் ஆண்டில் அங்கே ஒல்லாந்தருக்கு கெல்திரியா என்னும் கோட்டை அமைந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. துணி வாங்கவே வந்தனர் என்று நாம் பள்ளியில் படித்தோம். துணியோடு மனிதரையும் வாங்கினர் என்பதைப் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் தம்மையும் தம் மக்களையும் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலைக்குக் குடிகள் ஆளாயினர். தரகர் அவர்களைத் துறைமுகத்தில் சேர்த்தனர். கப்பல்கள் அவர்களைப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் சென்றன. 1646, 1647-ஆம் ஆண்டுகளில் இக்கரையில் கொடும் பஞ்சம் நிலவியது. நாம் சொல்லப்போகும் பெண் 1631 வாக்கில் பிறந்தவள். அப்பொழுது அவளுக்கு வயது பதினைந்து, பதினாறு இருக்கும்.

ஒல்லாந்தர் ஏடுகளில் அவள் பெயர் ‘பழவேற்காட்டுக் காதரினா’. காதரினா என்பது அவர்கள் இட்ட பெயர். தாய் அழைத்த பெயர் அதுவன்று. பழவேற்காடு தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய ஊர். அன்றியும், அடிமையின் பெயரோடு ஒட்டிய ஊர் பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விற்கப்பட்ட துறைமுகமாகவும் இருக்கலாம். ஆகவே இவள் நம் தமிழச்சி என்று கொடி பிடித்துக் கிளம்ப வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நம் கரையிலிருந்து போனவள், அதுவே போதும்.

1656-ஆம் ஆண்டு பத்தாவியாவில் அவள் அடிமையாக இருந்தாள். மலையாளக் கரையிலிருந்து வந்த கிளாஸ் என்னும் அடிமை அவளுக்குக் காதலன். ஒரு நாள் அவன் அவளைத் தாக்க, அவள் திருப்பித் தாக்கினாள், அவன் இறந்துபோனான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அத்தண்டனை குறைக்கப்பட்டு, ஆயுள் முழுதும் நாடு கடத்துமாறு கட்டளையாயிற்று. கடத்திய இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனை. இப்படி ஒரு குற்றம் நிகழாதிருந்தால் பத்தாவியாவின் பல்லாயிரம் அடிமைப் பெண்களுள் ஒருத்தியாக அவள் மறைந்திருப்பாள். அவளைப் பற்றி நாம் ஒரு சொல்லும் எழுத முடியாது. கணவனோடும் பிள்ளைகளோடும் அடங்கி வாழ்ந்தவர்கள் ஏட்டில் இல்லை. அடித்தவளும் ஓடியவளும் தண்டம் கட்டியவளுமே ஏட்டில் இருக்கிறார்கள். முன்னோரைத் தேடப் புகுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. நற்பெயரோடு மட்டும் ஒருவரைக் காண விரும்பினால் பெரும்பாலும் காணவே இயலாது.

1657-இல் அவள் முனையில் வந்து இறங்கினாள். வான் ரீபெக் அங்கே கோட்டை அமைத்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 1657-இல்தான் கம்பெனி ஊழியர் சிலரை விடுவித்து, லீஸ்பெக் ஆற்றங்கரையில் அவர்களுக்கு உழுநிலம் தந்தார்கள். பிற்காலத்து வெள்ளைக் குடியானவர் சமூகத்துக்கு அதுவே தொடக்கம். அடிமைகளைப் பெருந்தொகையாக ஏற்றிய கப்பல்கள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, அங்கோலாவிலிருந்தும் கினியிலிருந்தும். இவள் அவர்களுக்கும் முந்தியவள். அங்கே கைதியாகக் குறிக்கப்பட்ட பெண்களுள் இவளே முதல்வி என்று ஆராய்ந்தோர் கூறுவர். தளபதி வீட்டுத் துணிகளை வெளுப்பது அவளுக்கு இட்ட வேலை. மேசை மலையிலிருந்து இறங்கும் ஓடைநீரில் அந்தச் சிறிய குடியேற்றத்தின் அழுக்கெல்லாம் அடிமைப் பெண்களின் கைகளாலேயே கழுவப்பட்டது. பெரிய காத்ரீன் என்று அவளை அழைத்தார்கள். ‘பெரிய’ என்னும் அடைமொழி அவள் பெயரோடே ஏடுகளில் தங்கிவிட்டது.

பத்தாண்டுகள் சென்றன. ஹான்ஸ் கிறிஸ்டோபெல் ஸ்னைமன் என்னும் ஜெர்மானியச் சிப்பாய் காவல் இடத்தை விட்டு நீங்கி இவளோடு இருந்தான் என்று வழக்கு. அவனை ரொபென் தீவுக்கு அனுப்பினார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நெல்சன் மண்டேலாவை அடைத்து வைத்த அதே தீவுதான். 1669-ஆம் ஆண்டு காதரினாவின் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தது. அதன் பெயர் கிறிஸ்டோபெல். 1671-இல் அவள் வங்காளத்து அந்தோனி என்னும் விடுதலை பெற்ற அடிமையை முறைப்படி மணந்துகொண்டாள். பழவேற்காட்டாளும் வங்காளத்தானும் ஆப்பிரிக்க மண்ணில் ஒல்லாந்தர் கோயிலில் மணம் செய்துகொண்ட காட்சியை எண்ணிப் பாருங்கள். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கலப்பு மணங்களைப் பற்றி நாம் இன்றும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

அந்தோனியின் இல்லத்தில் அந்தப் பையன் வளர்ந்தான். 1688-இல் பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்குத் தப்பிய ஹியூகனாட்டுக் குடும்பங்கள் முனையில் வந்து குடியேறின. அவற்றுள் ழாக் டி சவோய் என்பவர் குடும்பம் பெயர் பெற்றது. அவர் மகள் மார்கரெட்டைக் கிறிஸ்டோபெல் மணந்தான். கைதியின் மகனுக்குப் பெரிய இடத்துப் பெண். நிலம் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னைமன் என்னும் குடிப்பெயர் தாங்கிய வெள்ளையர் குடும்பங்களுக்கு இவர்களே முன்னோர்.

இங்கேதான் நம் அன்பருடைய அத்தையின் நினைவு நமக்கு வருகிறது. அந்த வழியில் வந்த எத்தனை குடும்பங்கள் பழவேற்காட்டுப் பாட்டியைப் பற்றிப் பேசியிருக்கும்? தொடக்கத் தலைமுறைகளில் அது எல்லோரும் அறிந்த செய்தி. பின்னர்ப் பேச்சு குறைந்தது. பேச்சு குறைந்த பிறகு நினைவும் போயிற்று. 1949-இல் வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைத் தடுக்கும் சட்டத்தை அந்நாட்டரசு இயற்றியது. அடுத்த ஆண்டிலேயே ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதியும் சட்டம் வந்தது. அப்பொழுது பாட்டியின் பெயரை யார் வெளியில் சொல்வார்? அந்தச் சட்டம் 1690-இல் இருந்திருந்தால் கிறிஸ்டோபெலின் திருமணமே நடந்திருக்காது. சட்டத்துக்கு வாக்களித்தவர் பலர் பிறந்தே இருக்க மாட்டார். முதற்சட்டம் 1985-இலும் இரண்டாவது 1991-இலும் ஒழிந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1984-இல், ஹான்ஸ் ஹீஸ என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளைத் துருவி, முனையில் நிகழ்ந்த கலப்பு உறவுகளைக் குடும்பப் பெயர்களோடு நூலாக வெளியிட்டார். 1990-களில் மான்செல் அபாம் என்பவர் காதரினாவின் வழக்கையும் வாழ்வையும் தனியே ஆராய்ந்து எழுதினார். சொந்தப் பேரப்பிள்ளைகள் மறந்த பாட்டியை நீதிமன்ற எழுத்தர் மறக்கவில்லை. தண்டிக்க எழுதியவன் கை காப்பாற்றிக் கொடுத்தது. பெருமைக்கு எழுதிய வமிசாவளி மூடி மறைத்தது.

ஒல்லாந்துக் கம்பெனியின் அவ்வேடுகள் ஜகார்த்தா, கேப் டவுன், கொழும்பு, ஹேக் ஆகிய நகரங்களில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். நம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் ஒரு பகுதி இருக்கிறது. 2003-இல் யுனெஸ்கோ இவை அனைத்தையும் உலக நினைவேடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் இளைஞர்கள் எழும்பூரில் இரயிலை விட்டு இறங்கி நேரே வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஒருவராவது ஒரு நாள் அக்காப்பகத்தின் படியேறிப் பார்க்கட்டும்.

இவ்வளவையும் நாம் அன்பரிடம் ஒரு ஞாயிறு மாலையில் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். பத்து நாள் கழித்து ஊருக்குப் போய் வந்தவர், நேரே நம் இல்லம் தேடி வந்தார்.

அத்தைக்குக் காதரினாவின் கதையைச் சொன்னாராம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, நெடுநேரம் கழித்து, “கூலிக்குப் போனதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை” என்றாராம். “என் அப்பா பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சின்னத் தாத்தாவிடமிருந்து பணம் வந்தது. கூடவே ஒரு கடிதம். எல்லோரும் நலமா, அம்மா இருக்கிறாளா என்று கேட்டிருந்தார். பணத்தை வாங்கிக் கிணறு வெட்டினார்கள். கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லை. போட்டால் திரும்பி வந்து பங்கு கேட்பார் என்று பெரியவர்கள் பயந்தார்கள். அதன் பிறகு அவரும் எழுதவில்லை. இதை எப்படியப்பா அவர் பிள்ளைகளிடம் சொல்வது?”

அன்பர் டர்பனுக்கு எழுதிய கடிதத்தின் படியை நம்மிடம் காட்டினார். நான்கு பக்கம். தாயார் எந்த ஆண்டு வரையில் இருந்தார், அண்ணன் பிள்ளைகள் யார் யார், எவர் எங்கே குடியேறினர் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. கிணற்றைப் பற்றியும், வராத மறுமொழியைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கிணறு இன்றும் இருக்கிறதாம். கோடையில் வற்றிவிடுகிறது, கார்த்திகையில் நீர் ஊறுகிறது. அதன் சுற்றுச்சுவரில் சாய்ந்து அத்தை நிற்கும் படம் ஒன்றையும் கடிதத்தோடு வைத்திருந்தார்.