ரசீது கேளுங்கள், அன்றைக்கே பணம் கொடுங்கள்



சென்னையின் தெருமுனைகளிலும் மரத்தடிகளிலும் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நீங்கள் தள்ளிக்கொண்டு வருவது எங்களிடம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கு, தண்ணீர் கலந்து பால் டீ போல ஆகிவிட்ட எஞ்சின் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, திரும்ப ஓடவிட்டதில் எங்களுக்கும் பங்குண்டு. எங்கள் கம்ப்ரஸரும் அதே தண்ணீரில்தான் கிடந்தது. கூலி வாங்கிக்கொண்டுதான் செய்தோம், அதற்கு நன்றி கேட்டு இதை எழுதவில்லை.

எங்களில் பலர் பதினைந்து, இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறோம். இன்னும் ஒரு டூல் பாக்ஸ், ஒரு கம்ப்ரஸர், உதவிக்கு ஒரு பையன் என்பதைத் தாண்டவில்லை. வேலை தெரியாமல் இல்லை. தாண்ட விடாதது எது என்று உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் ஒரு பகுதி உங்கள் கையில் இருக்கிறது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வரும் புது வண்டிகள் எல்லாம் பிஎஸ்-6 புகை விதிப்படி வருபவை. பெரும்பாலான மாடல்களில் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று திருகி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே டியூனிங் செய்தவர்கள் நாங்கள். இப்போது மீட்டரில் எரியும் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சில வண்டிகளில் அந்த விளக்கு சிமிட்டுவதை எண்ணியே கோளாறைப் பிடித்துவிடலாம். நீளமாகச் சிமிட்டினால் பத்து, சட்டென்று சிமிட்டினால் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எந்த சென்சார் என்று தெரிந்துவிடும். இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. ராத்திரி கடை சாத்தியபின் போனில் வீடியோ பார்த்துக் கற்றோம். எல்லா வண்டியிலும் இந்த வித்தை பலிக்காது. மற்றதற்கு கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வேண்டும். ஒரு கம்பெனியின் கனெக்டர் இன்னொரு கம்பெனி வண்டிக்குச் சேராத தொல்லை வேறு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தால் பிரேக்கும் டயரும் பார்த்துவிட்டு, மற்றதற்கு ஷோரூமுக்குப் போகச் சொல்கிறோம்.

வெளிக் கடைகளுக்குக் கருவி கிடைக்காத இந்தச் சண்டை கார் உலகத்தில் பழையது. வெளி ஒர்க் ஷாப்புகளுக்கு உதிரி பாகமும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. விவகாரம் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளமே திறந்தது. மரத்தடிக் கடைக்கு அதனால் இதுவரை ஒரு ஸ்கேனரும் வந்து சேரவில்லை.

சரி, கடன் வாங்கியாவது ஸ்கேனர் வாங்கலாமே என்பீர்கள். முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. ஆனால் பாங்கில் முதலில் கேட்பது ஸ்டேட்மெண்ட். எங்கள் வரவு பாதி சட்டைப்பையில் ரொக்கமாக, பாதி கடன் நோட்டில். "அண்ணா, ஒண்ணாந்தேதி தந்துர்றேன்" என்று சொல்லிப் போனவர்களின் பெயரும் வண்டி நம்பரும்தான் அந்த நோட்டு. ஜி.பி. ரோட்டு உதிரி பாகக் கடைகளில் செயின் செட்டும் கிளட்ச் பிளேட்டும் காசு வைத்தால்தான் கொடுப்பார்கள். உங்கள் வண்டிக்குப் போட்ட பாகத்தின் பணம் எங்கள் கையிலிருந்து போனது. அது திரும்பி வர ஒரு மாதம், இரண்டு மாதம். சிலரிடமிருந்து வருவதே இல்லை, தெருவை மாற்றிப் போகிறார்கள். நாங்கள் சம்பாதிப்பது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பாங்குக்கு மட்டும் தெரியாது.

வேறு வழி பார்த்தால், கைத்தொழில் செய்பவர்களுக்கென்று 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். பூட்டுச் செய்பவர், படகு கட்டுபவர் எல்லாம் உண்டு, மெக்கானிக் இல்லை. மாநிலத்தில் ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு நலவாரியம் இருக்கிறது. எங்களில் பலர் இன்னும் பதியவில்லை. அது எங்கள் வேலை, செய்துகொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வண்டியை எடுக்கும்போதே பணத்தைக் கொடுங்கள், முடிந்தவரை யுபிஐயில். கூடவே ரசீது கேளுங்கள். வண்டி நம்பர், போட்ட பாகம், கூலி மூன்றும் தனித்தனியாக எழுதிய ஒரு துண்டுச் சீட்டு போதும். பாகத்தின் விலையைப் போனில் பார்த்துவிட்டு, மாட்டும் கூலியையும் அதற்குள்ளேயே அடக்கச் சொல்கிற பேரமும் அதோடு நிற்கும். போட்டது கம்பெனி பாகமா, லோக்கலா என்று நாளைக்கு நீங்கள் எங்களைப் பிடித்துக் கேட்கவும் அந்தச் சீட்டு உதவும். கேட்கத்தான் வேண்டும்.

ரசீது என்றதும் எங்களில் சிலருக்கே உதறல். 2025-ல் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி இங்கேயும் பரவியது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எங்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இதை எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்களும் கேட்க ஆரம்பித்தால் பயம் சீக்கிரம் தெளியும்.

இன்னொன்று. "நாளைக்கு வந்து எடுக்கிறேன்" என்று விட்டுப்போன வண்டிகள் மாதக்கணக்கில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நடந்துபோகிறவர் திட்டுகிறார், மாநகராட்சிக்காரர் வருகிறார், திருட்டு வண்டியா என்று போலீஸ் கேட்கிறது. எடுத்துப் போங்கள். வேண்டாமென்றால் ஆர்.சி. புத்தகத்தோடு வந்து அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் கடைகளில் ரசீதுப் புத்தகம் இருக்கும். அடுத்த முறை ஆயில் மாற்ற வரும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேட்டை மெக்கானிக்குகள்