எட்டுக் காலும் ஆறு காலும்

சென்ற ஞாயிறன்று நமது சங்கத் தாழ்வாரத்திற்குச் சிறுவன் ஒருவன் உள்ளங்கையில் செந்நிறப் பட்டுப்பூச்சி ஒன்றை ஏந்தி வந்தான். முதல் மழைக்கு இவ்வூர் மண்ணினின்று கிளம்பும் அதனைத் தெலுங்கு நண்பர்கள் ஆருத்ர புருகு என்பர். "இது என்ன பூச்சி, மாமா?" என்று அவன் வினவ, "காலை எண்ணிச் சொல், தம்பி" என்றோம். எட்டு என்றான். ஆகவே அது பூச்சியே அன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. குஞ்சாக இருக்கையில் அதற்கு ஆறே கால்கள் என்பதை அவனிடம் கூறவில்லை, குழம்பியிருப்பான்.

பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று கூறாகும். தலையில் இரண்டு உணர்கொம்புகள். ஆறு கால்களும், இறகு உண்டெனில் அதுவும், மார்பிலேயே பொருந்தியிருக்கும். சிலந்திக்கோ தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்தவை. உணர்கொம்பும் இறகும் இல்லை. தேளின் இடுக்கிகளையும் சேர்த்துக் கால் பத்து என்பார் உண்டு. அவை வாயை அடுத்த உறுப்புகளே. நாம் அஞ்சும் வாலும் வயிற்றின் நீட்சிதான். அதன் நுனியில் கொடுக்கு.

இவற்றை அறிவதால் யாது பயன் என்போர் பேகம்பேட்டையை நினைக்க வேண்டும். ரொனால்டு ராஸ் ஈராண்டுகள் வேறு இனக் கொசுக்களை அறுத்து அறுத்து ஏமாந்தார். 1897 ஆகஸ்டில் இறகில் புள்ளியுடைய கொசுக்கள் சில கிட்டின. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கு ஓரணா வீதம் பெற்று, அவை தம்மைக் கடிக்க இசைந்தார். ஆகஸ்ட் 20-ஆம் நாள் அத்தகைய கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் கரு நிறத் துகள்கள் கொண்ட உருண்டைகளைக் கண்டார் ராஸ். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் கண்டார். வயிற்றில் வளர்ந்து, மார்பிலுள்ள சுரப்பியில் தங்கி, தலையின் உறிஞ்சுகுழல் வழியே வெளியேறுகிறது நோய். மூன்று கூறும் அதற்கு வழித்தடம்! 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலேரியாக் கொசு சுவரில் அமர்கையில் வயிற்றின் பின்புறத்தை உயர்த்தியிருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. கால்களில் வெண் வளையங்கள் உண்டு. கடிப்பவை பெண் கொசுக்களே. ஆணின் உணர்கொம்பு அடர்ந்த இறகு போன்றது.

சென்ற மழைக்காலத்தில் அச்சிறுவனின் தமக்கை டெங்குக் காய்ச்சலால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வளையக்காலியின் கதையைக் கேட்டவன், தங்கள் வீட்டுப் பூந்தொட்டிகளின் அடித்தட்டில் எப்போதும் நீர் நிற்பதாகக் கூறினான். அதனை வாரந்தோறும் கொட்டித் துடைக்கச் சொன்னோம். பட்டுப்பூச்சியை ஈர மண்ணில் விட்டுவிட்டு ஓடினான்.