அளந்த பின் அறுப்போம்

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் பெரியோர். இதன் பொருளை எனக்குக் கற்பித்தது ஒரு மரப்பலகை.

சென்ற கோடை விடுமுறையில் புத்தக அடுக்கு ஒன்று செய்ய விரும்பினேன். பக்கங்களுக்கு வீட்டிலேயே பழைய பலகைகள் இரண்டு இருந்தன. தட்டுகளுக்காக அப்பா 8 அடிப் பலகை ஒன்று வாங்கித் தந்தார். தட்டுக்கு 2 அடி வீதம் நான்கு தட்டுகள், கணக்கு சரிதானே! உடனே ரம்பத்தை எடுத்தேன். ஒவ்வொன்றாக அளந்து, அறுத்து, ஆணி அடித்துக்கொண்டே போனேன். கடைசித் தட்டு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்து நின்றது.

அடுத்த தெருத் தச்சர் வந்து பார்த்தார். "படம் எங்கேம்மா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுமாம். மூன்று வெட்டுகளில் 9 மில்லிமீட்டர் தரையில் கிடந்தது!

எனக்கு வெட்கமாகிவிட்டது. தையல் வகுப்பில் நாம் எடுத்த எடுப்பில் துணியை வெட்டுகிறோமா? காகிதத்தில் வரைந்து, மடிப்புக்கும் தையலுக்கும் இடம் விட்டு, பிறகல்லவா கத்தரியைத் தொடுகிறோம்? துணிக்குக் காட்டிய பொறுமையை நான் மரத்துக்குக் காட்டவில்லை.

படம் வரைவது வீண் வேலை என்று சிலர் கூறலாம். நான் அதை ஏற்கமாட்டேன். காகிதத்தில் செய்த பிழையை ரப்பர் அழிக்கும். மரத்தில் செய்த பிழையை எது அழிக்கும்? முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்தால் பலகையின் கனம் நினைவுக்கு வரும். அடுக்கின் மொத்த அகலம் 60 சென்டிமீட்டர், பக்கப் பலகைகளின் கனம் 2 சென்டிமீட்டர் என்றால், உள்ளே வைக்கும் தட்டு 56 சென்டிமீட்டர்தான். மரத்தின் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓடினால்தான் தட்டு பாரம் தாங்கும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் உப்பும். ஆகவே கதவுக்கும் இழுப்பறைக்கும் சிறிது இடைவெளி விட வேண்டும். இவற்றையெல்லாம் குறித்து, துண்டுகளின் பட்டியலும் எழுதிக்கொண்டால், வாங்க வேண்டிய மரமும் ஆகும் செலவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணம் விறகாகாது.

தச்சுவேலை ஆண்களுக்கே உரியது என்ற எண்ணமும் மாற வேண்டும். அளந்து வெட்டும் பழக்கம் ஊசி பிடித்த கைகளுக்குப் புதிதல்லவே!

என் கடைசித் தட்டின் ஓரத்தில் சிறு மரத்துண்டு ஒன்றை ஒட்டிச் சரிசெய்து தந்தார் தச்சர். நிறம் வேறுபட்டு அது தனியே தெரிகிறது. தோழியரே, இப்போது என் புத்தகங்களோடு பென்சிலும் அளவுகோலும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.

— பதினோராம் வகுப்பு மாணவி